இடது தோள் வலித்தால்…

மறுநாள் காலை எழுந்ததும், "இடது தோள்பட்டை பிடிச்சுக்கிட்டிருக்கு பாப்பா, ஒருக்களிச்சுப் படுத்தது ஒத்துக்கல போல" என்றார் அம்மா. தைலம் தேய்த்துவிட்டேன். வயிறும் வலிக்கிறது என்றார். "உள்ளே காத்து ஏத்தியிருக்கோம், வாயு பிரிஞ்சா சரியாயிரும்" என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சீரகத் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்துவிட்டு, நான் வேலைபார்க்கும் தொடக்கப்பள்ளிக்குக் கிளம்பிவிட்டேன். பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார். அம்மா கொல்லைப்புறத்தில் மயங்கிக் கிடந்தார். உடம்பு சில்லிட்டு வியர்த்திருந்தது.

முந்தின நாள்தான் அம்மாவுக்குக் கொலோனோஸ்கோபி செய்திருந்தோம். அந்த மருத்துவமனை ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருந்ததால், பக்கத்தில் இருந்த வேறொன்றுக்கு ஓடினோம். பணியில் இருந்த இளம் மருத்துவர் சலைன் ஏற்றிக்கொண்டே, "ரெண்டு மூணு நாளுக்குள்ள ஏதாவது டெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்டார். கொலோனோஸ்கோபி என்றேன், தோள் வலியையும் சொன்னேன். உடனே சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பினார். மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருந்தது. அறுவை சிகிச்சை செய்து மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். அம்மா பிழைத்தார்.

குடலுக்குள் விட்ட குழாயால் மண்ணீரல் எப்படிக் கிழியும்? எனக்கும் அப்போது புரியவில்லை. பெருங்குடல் இடது விலாவுக்கு அடியில் வளைந்து கீழே இறங்குகிறது. அந்த வளைவை ஒரு சவ்வு மண்ணீரலோடு பிணைத்திருக்கிறது. குழாய் வளைவைத் தாண்டும்போது குடல் இழுபட்டால் சவ்வும் இழுபடும். மண்ணீரலின் மேலுறை கிழியலாம். கசியும் ரத்தம் உதரவிதானத்தின் அடிப்பக்கத்தை உறுத்துகிறது. உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருவது. அதனால்தான் வயிற்றுக்குள் பட்ட காயம் தோளில் வலிக்கிறது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தெரிந்துவிடும். சிலருக்குச் சில நாள் கழித்தும் தெரியும்.

மருத்துவ இதழ்களில் இது முதன்முதலில் பதிவானது 1974இல். பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு நேரும் அரிய பாதிப்பு. கைதேர்ந்த மருத்துவர் செய்தாலும் நேரலாம். ஆகவே சோதனை செய்த மருத்துவர்மீது எனக்குக் கோபம் இல்லை. சோதனை செய்துகொண்டதற்காக வருந்தவும் இல்லை. அன்று அம்மாவின் குடலிலிருந்து எடுத்த பாலிப் என்ற சதை வளர்ச்சி, விட்டுவைத்திருந்தால் பின்னாளில் புற்றுநோயாக மாறியிருக்கக்கூடிய வகை. இதைப் படித்துவிட்டு யாரும் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

என் ஆதங்கம் வேறு. 'அரிதாகத்தானே நடக்கிறது, சொல்லி ஏன் பயமுறுத்த வேண்டும்' என்ற எண்ணம் மருத்துவமனைகளில் இருக்கிறது. எங்கள் பள்ளியில் ஒரு குழந்தை விழுந்து தலையில் அடிபட்டால், 'வாந்தி எடுத்தாலோ, தூங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள்' என்று டைரியில் எழுதித்தான் அனுப்புகிறோம். அநேகமாக எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆவதில்லை. ஆனாலும் எழுதுகிறோம். அந்த ஒரு வரிக்காக எந்தப் பெற்றோரும் பயந்து குழந்தையைப் பள்ளியை விட்டு நிறுத்திவிடவில்லை.

நாங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் எல்லாமே எழுதியிருந்திருக்கலாம். சோதனை முடிந்ததும் செவிலியர் அம்மாவிடம் ஏதேதோ சொன்னார். மயக்க ஊசியின் அசதியில் அம்மாவுக்கு அதில் ஒரு சொல்கூட நினைவில்லை. நான் மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தேன்.

நான் கேட்பது தமிழில் அச்சிட்ட ஒரு தாள். 'வாயு பிரிந்தும் குறையாத வயிற்றுவலி, இடது தோள் வலி, தலைசுற்றல், காய்ச்சல், மலத்தில் ரத்தம். இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இந்தச் சோதனை செய்ததை முதலில் சொல்லுங்கள்.' கீழே, நள்ளிரவிலும் யாராவது எடுக்கிற ஒரு தொலைபேசி எண். அதை நோயாளியின் கையில் திணிக்காமல், கூட வந்தவரை உட்காரவைத்துப் படித்துக்காட்ட வேண்டும். பித்தநாளக் கல்லை எடுக்கும் ஈ.ஆர்.சி.பி.க்கும் இப்படி ஒரு தாள் வேண்டும். அதன் பிறகு நூறில் சிலருக்குக் கணையம் அழற்சி அடைகிறது. அந்தக் கடும் வயிற்றுவலியையும் வாயு என்று நினைத்து வீட்டில் பொறுத்துக்கொள்பவர்கள் இருப்பார்கள்.

மண்ணீரல் இல்லாததால் அம்மாவுக்கு நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகள் போட்டிருக்கிறார்கள். சாதாரணக் காய்ச்சலுக்குக்கூட உடனே ஓட வேண்டும். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா, தனக்கும் கொலோனோஸ்கோபி எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்லித் தயங்கினார். "தைரியமா போயிட்டு வா. ஆனா தோளு வலிச்சா தைலம் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திராத" என்றார் அம்மா.

மருத்துவமனை சொல்ல வேண்டியதை அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார்.