புரட்சி என்னும் சொல்லும் ஒரு மாணவியின் வினாவும்

சென்ற தவணைப் பரீட்சையின்போது, வரலாறு கற்பிக்கும் நண்பர் நோயுற்றிருந்தமையால், அவர்தம் மாணவரின் விடைத்தாள்களைத் திருத்தும் பணி தமிழாசிரியனாகிய என்பால் வந்தது. ‘இங்கிலாந்தில் நிகழ்ந்த விவசாயப் புரட்சியை விளக்குக’ என்பது ஒரு வினா. ஏறத்தாழ எல்லாத் தாள்களிலும் ஒரே விடை: ஜெத்ரோ டல் விதைக்கும் பொறியை அமைத்தார், டவுன்சென்ட் பிரபு டேர்னிப் கிழங்கைப் பயிரிட்டார், பேக்வெல் கொழுத்த ஆடுகளை வளர்த்தார், விளைவு பெருகிற்று. ஒரு மாணவி மட்டும் இவற்றையெல்லாம் எழுதிவிட்டு, ஈற்றில், ‘முன்பு அந்த நிலங்களை உழுதவர்கள் எங்கே போனார்கள்?’ என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். விடை எழுதுவதே மாணவர் கடன், வினாத் தொடுப்பதன்று என எண்ணி, அவ்வரியைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டேன். அன்றிரவே அது தவறென உணர்ந்தேன். அத்தவற்றுக்குக் கழுவாயாகவே இதனை எழுதுகின்றேன்.

‘புரட்சி’ என்பது புரளுதல் என்னும் கருத்தின்வழி வந்த சொல். கேட்ட அளவில், யாவும் திடீரெனத் தலைகீழானது போன்ற எண்ணத்தைத் தருவது. இங்கிலாந்தின் வயல்களில் நிகழ்ந்த மாற்றமோ பதினேழாம் நூற்றாண்டில் அரும்பி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை படிப்படியாக நிறைவெய்தியது.

பழைய முறை யாது? அந்நாட்டின் நடுப்பகுதிக் கிராமங்கள் பலவற்றில், வேலியில்லாப் பெருவயல்களே இருந்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவற்றுள் நீண்ட கீற்றுக்களாகப் பல இடங்களிற் சிதறிய பங்குகள் உண்டு. பொதுவாக வயல் மூன்று. ஒன்றில் கோதுமையும், மற்றொன்றில் வாற்கோதுமை, அவரை முதலியனவும் விளைய, மூன்றாவது அவ்வாண்டு தரிசாகக் கிடக்கும். தரிசிலும் அரிதாளிலும் ஊரார் கால்நடைகள் ஒன்றாக மேயும். குறை எங்கேயெனின், மாரியில் தீனி போதாது. தீனி குறையவே மந்தை சிறுத்தது. மந்தை சிறுக்கவே எரு குறைந்தது. எருக் குறையவே மண் மெலிந்தது.

இச்சங்கிலியை அறுத்தது எந்தப் பொறியுமன்று, பயிர்ச் சுழற்சியே. நோர்போக் பகுதியிற் பெயர்பெற்ற முறையில், ஒரே நிலத்தில் முதலாண்டு கோதுமை, இரண்டாமாண்டு டேர்னிப், மூன்றாமாண்டு வாற்கோதுமை, நான்காமாண்டு குளோவர் என்னும் புற்பயிர் என மாறிமாறி விளையும். டேர்னிப்பை வரிசைக்கிடையே கொத்திக் களை அகற்றலாமாதலின் தரிசு விட வேண்டியதில்லை. அக்கிழங்கை மாரியில் ஆடுகளுக்கு வயலிலேயே தின்னக் கொடுக்க, அவற்றின் எருவும் அங்கேயே சேரும். குளோவரோ தீனியாவதோடு, தன் வேர்முடிச்சுக்களில் வாழும் பற்றீரியாவின் துணையால் காற்றின் நைதரசனை மண்ணுக்கு அளிக்கின்றது. இவ்வுண்மையை ஹெல்றீகல், வில்பார்த் என்னும் ஜெர்மானிய அறிஞர் நிறுவியது 1880களிலேதான். காரணத்தை விஞ்ஞானம் அறியுமுன், பயனை உழவன் கண்டுகொண்டான்.

ஆயின், நம் மாணவர் மனனஞ்செய்யும் பெயர்களுக்கு இதில் எத்துணைப் பங்கு? டல் 1701 அளவில் பொறியை அமைத்தது மெய். எனினும், அது பரவலாக வழங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே. மண்ணை நன்கு பொடியாக்கினால் எரு வேண்டியதில்லை என்று அவர் கருதியதோ பிழை. டவுன்சென்ட் 1730இல் அரசியலை விட்டுத் தம் ஊராகிய றேன்ஹமுக்குத் திரும்பினார். கிழக்கிங்கிலாந்து உழவரோ அதற்கு முந்திய நூற்றாண்டிலேயே டேர்னிப்பைத் தீனிக்காகப் பயிரிட்டனர். குளோவரையும் டேர்னிப்பையும் பயன்கொண்ட பிளாண்டர்ஸ் நாட்டு வேளாண்மையைப் பற்றி றிச்சட் வெஸ்டன் எழுதிய நூல் 1650இல் வெளிவந்தது. பேக்வெல் தக்க இணைகளைத் தெரிந்து ஆட்டினத்தைத் திருத்தியது பாராட்டத்தக்கதே. எனினும், புகழின் பெரும்பங்கு பெயரறியா உழவருக்கே உரியது.

இனி மாணவியின் வினாவுக்கு வருவோம். பெருவயல்களையும் பொதுமேய்ச்சல் நிலங்களையும் பிரித்துத் தனியுடைமையாக்கி வேலியிடும் வழக்கம் முன்னரே இருந்ததெனினும், பதினெட்டாம் நூற்றாண்டில் அது பாராளுமன்றச் சட்டங்களின்வழி விரைந்தது. 1604க்கும் 1914க்கும் இடையே இத்தகைய சட்டங்கள் 5,200க்கு மேல். அவற்றால் அடைபட்ட நிலம் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர். சிறு நிலமுடையோர் பலர் வேலிச் செலவும் வழக்குச் செலவும் தாங்காது தம் பங்கை விற்றனர். பொதுநிலத்தில் ஒரு பசுவை மேய்த்தும் விறகு பொறுக்கியும் வாழ்ந்த ஏழை, அவ்வுரிமைக்குச் சாசனம் காட்ட இயலாதவனாய் வெறுங்கையுடன் நின்றான்.

அவர்கள் அனைவரும் ஆலைகளுக்குச் சென்றனர் எனச் சிலர் எளிதாகக் கூறுவர். சென்றோர் உளர். பலரோ அதே மண்ணிற் கூலிகளாய் எஞ்சினர். மாரிக் காலத்தில் தடிகொண்டு கதிரடிக்கும் வேலையே அவர்க்குக் கஞ்சி வார்த்தது. கதிரடிக்கும் இயந்திரம் அதனையும் பறித்தபோது, 1830இல் கென்ற் பகுதியிற் கலகம் மூண்டு தென்னிங்கிலாந்தெங்கும் பரவியது, இயந்திரங்கள் நொறுக்கப்பட்டன. 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஏறத்தாழ 500 பேர் அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். மாணவி கேட்டதற்கு வரலாறு தரும் விடைகளுள் இதுவும் ஒன்று.

‘வேலியின்றேல் விளைவேது? பெருகிய மக்களுக்கு உணவேது?’ என வினவுவார்க்கு ஒன்று சொல்வேன். 1700இல் ஏறத்தாழ 50 இலட்சமாயிருந்த இங்கிலாந்தின் குடித்தொகை, ஒரு நூற்றாண்டில் 80 இலட்சத்தைக் கடந்தது. அவர்தம் உணவிற் பெரும்பகுதியை அந்நாட்டு மண்ணே அளித்தது அரிய செயல், அதனை மறுப்பேனல்லேன். ஆயின், ஒக்ஸ்போட்ஷயரில் வேலியில்லா வயல்களை உடைய ஊரவரும் தமக்குள் உடன்பட்டுப் புதிய புற்பயிர்களை விதைத்தனர் என வரலாற்றாசிரியர் காட்டியுள்ளனர். எனவே, புதுமைக்கு ஏழையின் இழப்பு எங்கும் இன்றியமையாத விலையாயிருந்ததெனக் கொள்ளுதல் பொருந்தாது. வேலியடைப்பை ஊக்கத்தோடு ஆதரித்த ஆதர் யங் என்னும் அறிஞரே, ஊரூராகச் சென்று நிலைமையைக் கண்டபின், தரிசு நிலங்களை ஏழைகளுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டுமென 1801இல் எழுதினார். தாம் கூறியதைத் தாமே திருத்தும் நேர்மை அவர்பால் இருந்தது.

வரலாற்று நூல்கள் பலவற்றிற் காணாத இவ்விழப்பை இலக்கியம் காத்து வைத்திருக்கின்றது. ஹெல்ப்ஸ்டன் என்னும் ஊரிற் பிறந்து, பண்ணைக் கூலியாக வாழ்ந்த ஜோன் கிளேயர் என்னும் கவிஞர், 1809இல் தம் ஊருக்கென இயற்றப்பட்ட வேலியடைப்புச் சட்டத்தால் தாம் திரிந்த வெளிகள் அடைபட்டதைக் கண்டு வருந்திப் பாடினார். விளைவின் கணக்கை வரலாற்றாசிரியரும், இழந்தோர் குரலைத் தமிழாசிரியரும் எனப் பிரித்து நில்லாது, இரண்டையும் ஒரே பாடத்திற் சேர்த்து ஓதுதல் வேண்டும் என்பது என் கருத்து. மூன்று பெயரையும் மூன்று பொறியையும் மனனஞ்செய்வித்து அனுப்புதல் கல்வியாகாது.

மறுநாள் அந்த மாணவியை அழைத்து, வெட்டிய வரியின் பக்கத்தில் உரிய புள்ளியை இட்டுக் கொடுத்தேன். அவள் கேட்ட வினா அடுத்த ஆண்டுப் பரீட்சைத் தாளில் இடம்பெற வேண்டுமென நண்பரிடமும் சொல்லியிருக்கின்றேன்.