பரிகாரமா, பயிற்சியா?

கணவனும் மனைவியும் பிணங்கினால் நாம் நாடுவது யாரை? சோதிடனை! பத்துப் பொருத்தமும் பார்த்து மணம் முடித்துவைத்த அவனே, பெண்ணின் செவ்வாய்மீது பழிபோட்டுப் பரிகாரம் விற்கிறான்.

“இல்லறத்துக்கும் படிப்பா?” என்று எள்ளுவர் சிலர். கலிபோர்னியாவைக் காணட்டும்! மணவாழ்வு, குடும்ப ஆலோசனைத் தொழிலுக்கு உரிமம் வேண்டுமென்று 1963-லேயே அங்கே சட்டம் கண்டனர். இன்று முதுகலைப் பட்டம் பெற்று, மேற்பார்வையில் 3,000 மணி நேரம் பணியாற்றி, தேர்வுகளிலும் தேறியவர்க்கே உரிமம்! பஞ்சாங்கம் புரட்டுவோனுக்கு எந்தத் தேர்வு? எவர் மேற்பார்வை?

சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ல் சட்டம் இயற்றிய தமிழகம் இது. மணமேடையில் புரோகிதனை விலக்க வழி கண்டோம். மணவாழ்வில் சோதிடனை விலக்க வேண்டாமா? ஊர்தோறும் பயிற்சி பெற்றோரை உருவாக்குவோம், தோழர்களே! பெண்ணின் கண்ணீருக்குக் காரணம் கோளன்று என்பதைக் கற்றவர் காட்டட்டும்!