வோல்ட்டா எந்த மொழிக்காரர்?

கோலா குபு பாரு பக்கத்துச் செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாரப் பொறுப்பாளராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிறந்ததும் தோட்ட லயத்தில்தான். அந்தக் காலத்தில் ஆலையின் ஜெனரேட்டர் ஓடும் நேரம் மட்டுமே லயத்துக்கு வெளிச்சம். விளக்கு மங்கினால் பாட்டி "வோல்ட்டேஜ் பத்தல" என்பார். பால்மரம் வெட்டிவிட்டுச் சோர்ந்து வரும் தாத்தாவைப் பார்த்தும் அதையே சொல்வார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர் பாட்டி.

அண்மையில் ஒரு பெற்றோர் கூட்டத்தில், "அறிவியலைத் தமிழில் படித்தால் பிள்ளை தேறாது, அதற்குச் சொல்லே கிடையாது" என்று ஒருவர் பேசினார். பலர் தலையாட்டினார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. பாட்டி சொன்ன அந்த வோல்ட்டேஜ் யார் பெயரிலிருந்து வந்தது என்று பாருங்கள்.

அலெசாந்திரோ வோல்ட்டா 1745இல் இத்தாலியின் கோமோ நகரில் பிறந்தவர். செத்த தவளையின் கால் துடித்ததைக் கண்டு, மின்சாரம் விலங்கின் உடம்பில் இருக்கிறது என்றார் கால்வானி என்ற அறிஞர். வோல்ட்டா அதை ஒப்பவில்லை. இரண்டு வேறு உலோகங்கள் சேர்வதால்தான் அது பிறக்கிறது என்று வாதாடினார். துத்தநாக வட்டும் வெள்ளி வட்டுமாக மாற்றி மாற்றி அடுக்கி, இடையில் உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்தார். அதுவரை மனிதன் அறிந்தது பொறி தெறித்து மறையும் மின்சாரம்தான். இந்த அடுக்கிலிருந்து அது நிற்காமல் ஓடியது. இன்றைய பேட்டரிகளுக்கெல்லாம் மூலம் இதுதான். 1800 மார்ச்சில் அவர் இதை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். இத்தாலியர், இங்கிலாந்துக்கு எழுதிய அந்தக் கடிதம் பிரெஞ்சு மொழியில் இருந்தது.

1881இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு வோல்ட், ஆம்பியர், ஓம் என்ற அலகுகளை ஏற்றது. ஆம்பியர் பிரெஞ்சுக்காரர், ஓம் ஜெர்மானியர். ஆங்கிலேயர்களும் இந்தப் பெயர்களைக் கடன் வாங்கித்தான் பேசுகிறார்கள். என் பாட்டியும் அப்படித்தான் வாங்கினார். மற்றதற்கெல்லாம் தமிழில் மின்னோட்டம், மின்தடை, மின்னழுத்தம் என்று சொல் இருக்கிறது. ஆலையில் பயிற்சிக்கு வந்த பையன்களிடம் மின்னழுத்தம் என்று சொல்லி, உயரத்தில் வைத்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டினால் போதும், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

மின்சாரமும் நமக்கு அந்நியமல்ல. மலாயாவில் முதன்முதலாக ஜெனரேட்டர் ஓடியது இங்கிருந்து அதிக தூரமில்லாத ரவாங்கில், 1894இல், ஓர் ஈயச் சுரங்கத்தில். அதை நிறுவிய இருவர் லோக் இயூவும் கா. தம்புசாமிப் பிள்ளையும். இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

நம் பள்ளிகளில் 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009இல் அந்த முடிவை அரசே கைவிட்டது. 2016 முதல், அவற்றை மீண்டும் ஆங்கிலத்தில் கற்பிக்க வழிசெய்யும் டிஎல்பி என்ற இருமொழித் திட்டம் வந்திருக்கிறது. இடைநிலைப் பள்ளியில் மலாய் வரப்போகிறதே என்பார்கள். வரட்டும். மின்னழுத்தம் என்றால் என்னவென்று விளங்கிய பிள்ளைக்கு அங்கே 'வோல்தான்' என்று இன்னொரு பெயரைக் கற்க ஒரு நிமிடம் போதும். விளங்காத பிள்ளைக்கு எந்த மொழியில் சொன்னாலும் மனப்பாடம்தான்.

டிஎல்பி வகுப்புக்குப் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதப் படிவம் உங்கள் கைக்கு வரும்போது அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் பிள்ளையின் அறிவியல் புத்தகத்தைத் திறந்து, மின்சாரப் பாடத்தைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.