ஏலக்காய் எந்த அலமாரியில்?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிப்பதைக் கண்டிராத சிறுவர் அரியர். எட்டு மில்லிமீட்டர்ச் சல்லடையில் தங்கிய காய் ஒரு குவியல்; கீழே விழுந்த சிறுகாய் மற்றொன்று; வெடித்த காய் தனி. தாயின் அருகமர்ந்து இதனைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, வகைப்படுத்தல் இன்னதென எவரும் விளக்க வேண்டுவதில்லை. ஆயினும், அதே பிள்ளை நூலகத்தினுள் நுழைந்ததும், முதுகில் எண் ஒட்டிய நூல்களைக் கண்டு மருண்டு நிற்பதை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். கேட்க நாணம், "இதுகூடத் தெரியாதா?" என்பார்களோ என்ற அச்சம். மெல்ல வெளியேறிவிடும். வீட்டில் ஒரு நூலும் இல்லாத பிள்ளைக்கு இவ்வாயிலும் அடைபட்டால் வேறு வாயில் ஏது?

ஆசிரியப் பெருமக்களே, ஒரு விளையாட்டு நடத்திப் பாருங்கள். பல நாட்டு நூலகங்களில் வழங்கும் டியூயி பதின்ம முறை 1876-இல் வெளிவந்தது. அதன்படி, ஏலச்செடியின் இயல்பைக் கூறும் நூல் எங்கே? தாவரவியலாகிய 580 வரிசையில். பயிரிடும் முறை 633-இல், சமையல் 641-இல், வாணிகம் 380 வரிசையில். ஒரே காய் நான்கு இடங்களில்! எது எங்கே எனப் பிள்ளைகள் வாதிடட்டும். உடனே விடை கூறிவிடாதீர்கள். உங்கள் நூலகத்தில் வேறு முறை இருப்பின் அதன் எண்களையே அட்டைகளில் எழுதுக.

அடுத்து, எண்ணட்டைகளை ஏந்தி வரிசையில் நிற்றல். நெல் 633.18, தேயிலை 633.72, காப்பி 633.73, நறுமணப் பயிர்கள் 633.8-இன் கீழ். பதினெட்டு எட்டைவிடப் பெரிதன்றோ என்று நெல்லை நறுமணப் பயிர்களுக்குப் பின் நிறுத்தாத வகுப்பு அரிது! புள்ளிக்குப் பின் ஒவ்வோர் இலக்கமாகப் பார்க்க வேண்டும் என்பது அங்கே தானாக விளங்கிவிடும். கணக்குப் பாடத்திற்கும் இலாபமே.

ஓட்டப்பந்தயமாக மட்டும் நடத்த வேண்டா. விரைவோர் அலமாரியைக் கலைப்பர். மெல்லப் படிப்போர் ஒதுங்குவர். இடம் மாறி வைத்த நூல் தொலைந்த நூலே.

விளையாட்டுக்கும் நூலகத்திற்கும் என்ன உறவு என்பாருக்கு ஒரு செய்தி. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அவ்வாண்டே பயிற்சிக்காக இலண்டன் சென்றவர், ஒரு பெருங்கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். அதே பட்டைகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் வெவ்வேறு பொம்மைகள் உருவாயின. ஒரு நூலின் பொருளையும் இவ்வாறே சிறு கூறுகளை இணைத்துக் குறிக்கலாமே என்று அவருக்குத் தோன்றிற்று. அதிலிருந்து வளர்ந்த கோலன் பகுப்பு முறை 1933-இல் நூலாக வெளிவந்தது.

கடைசிச் சுற்றில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நூலைத் தானே தேடியெடுத்து, தன் பெயரில் பதிந்து வீட்டிற்குக் கொண்டு செல்லட்டும். உறுப்பினரல்லாத பிள்ளைகளுக்குப் பெற்றோர் முன்னரே ஆவன செய்துவிடுங்கள். விளையாடிக் கண்டெடுத்த நூலை, "திரும்ப வைத்துவிட்டுப் போ" என்று கூறுவது கொடுமை.