செப்பேட்டுல கால்வாய் இருக்கு, செவுத்துல பைப் எங்க இருக்கு?

எங்க ஊரு கூரம்னு சொன்னதும் சில பேர் கூரத்தாழ்வான்னு கன்னத்துல போட்டுக்குவாங்க. வரலாற்று ஆர்வலர்களா இருந்தா செப்பேடும்பாங்க. நான் எழுத வந்தது செவுத்துக்குள்ள போற கரண்டு பைப் பத்தி. செப்பேடும் நடுவுல வரும், பொறுமையா வாங்க மக்களே :-)

தாத்தா கட்டின வீட்டைப் போன வருஷம் புதுப்பிச்சோம். பழைய வயரிங் எல்லாம் மர ரீப்பர் மேல கிளிப் அடிச்சு ஓடினது. பாக்க அசிங்கமாத்தான் இருக்கும், ஒட்டடை வேற. "எல்லாத்தையும் கன்சீல்டு பண்ணிடலாம் சார், வீடே மாறிடும்"னார் எலெக்ட்ரீஷியன். வீடு மாறத்தான் செஞ்சுது. காடி வெட்டி, பைப் பொதைச்சு, பூசி, பெயிண்ட் அடிச்சப்புறம் பொதைச்ச அடையாளமே தெரியல. நானும் பெருமையா சொந்தக்காரங்களுக்கெல்லாம் சுத்திக் காட்டினேன்.

ஆறு மாசம் கழிச்சு அப்பா தறிக் குழிக்குள்ள நின்னுகிட்டே, கைக்கு எட்டுற உயரத்துல ஒரு ஆணி அடிச்சார். தார் போடுற கூடையை மாட்டணுமாம். நாப்பது வருஷமா அந்தச் செவுத்துல அவர் அடிக்காத ஆணியா? ஒரே உதறல், சுத்தியல் கீழ விழுந்துது, வீடே இருட்டு.

மெயின்ல இருந்த ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகியிருந்துது. 30 மில்லி ஆம்பியர் வகை. வாங்கும்போது "இதெல்லாம் தேவையில்ல சார், எம்.சி.பி.யே போதும்"னு சொன்னதை மீறி நான் அடம்புடிச்சுப் போட்டது. எம்.சி.பி. ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான் விழும். மனுஷன் உடம்பு வழியா மண்ணுக்குப் போற கொஞ்சூண்டு கரண்டை அது கண்டுக்காது. குழித்தறின்னா வெறுங்கால், ஈர மண்ணு. கரண்டுக்கு அதைவிட நல்ல வழி வேணுமா? அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

பூச்சைக் கொத்திப் பாத்தா, கூடத்து ஸ்விட்ச் போர்டுலேர்ந்து தறி ரூம் டியூப்லைட்டுக்குக் குறுக்கால, சாய்வா பைப் போயிருக்கு. கேட்டதுக்கு, "பெண்டு கம்மியாகும், வயர் இழுக்க ஈஸி"ன்னார். அது உண்மைதான், நாலு பெண்டு வெச்சா வயர் இழுக்கறவன் பாடு திண்டாட்டம். ஆனா ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேல, நேர் கீழன்னு போயிருந்தா, ஆணி அடிக்கிறவன் போர்டைப் பாத்தே ஒதுங்கிக்குவான். சாய்வா போன பைப்பை எந்த சாமி வந்து சொல்லும்?

செவுத்துக்கும் நல்லதில்ல. பாரம் தாங்குற சுவர்ல செங்குத்துக் காடி தடிமன்ல மூணுல ஒரு பங்கு, படுக்கைக் காடி ஆறுல ஒரு பங்குக்கு மேல ஆழம் போகக்கூடாதுன்னு ஐ.எஸ். 1905 சொல்லுது. நம்ம நாலரை இஞ்ச் செவுத்துக்குக் கணக்குப் போட்டா படுக்கையில 19 மி.மீ.தான். 20 மி.மீ. பைப்பே உள்ள அடங்காது, அதுக்கு மேல பூச்சு வேற. இந்த லட்சணத்துல வீட்டுக்கு வீடு செவுத்தைக் குறுக்கால அறுத்துத் தள்றாங்க.

கன்சீல்டே வேணாம்னு நான் சொல்லல. எங்க போகுதுன்னு குறிச்சு வைக்காம பூச விடாதீங்கன்னுதான் சொல்றேன். தாத்தா காலத்து ரீப்பர் அசிங்கமா இருந்தாலும் கண்ணுக்குத் தெரிஞ்சுது, குழந்தைகூட அது மேல ஆணி அடிக்காது. அதைச் செவுத்துக்குள்ள தள்ளினதும் அந்த விவரம் எலெக்ட்ரீஷியன் மண்டையில மட்டும் இருக்கு. அவர் அடுத்த சைட்டுக்குப் போனா அதுவும் போச்சு.

இப்ப செப்பேட்டுக்கு வரேன். ஏழாம் நூற்றாண்டுல முதலாம் பரமேஸ்வரவர்மன் காலத்துக் கூரம் செப்பேட்டுல, இங்க வெட்டின பரமேஸ்வர தடாகமும், அதுக்குப் பாலாத்துலேர்ந்து தண்ணி கொண்டுவந்த பெரும்பிடுகு கால்வாயும் பேரோட இருக்கு. தரைக்கு மேல எல்லாரும் பாக்கற கால்வாய்க்கே செம்புல எழுதி வெச்சான் மனுஷன். நாம 230 வோல்ட்டைச் செவுத்துல பொதைச்சுட்டு ஒரு துண்டுக் காகிதம்கூட வெச்சுக்கறதில்ல.

வேலை ஒண்ணும் பெரிசில்ல. பூசறதுக்கு முந்தின நாள் ஒவ்வொரு செவுத்தையும் தரையிலேர்ந்து டேப்பைப் புடிச்சு ஒரு போட்டோ எடுங்க. ஃபோனோட விட்டுடாதீங்க, ரெண்டு வருஷத்துல ஃபோன் மாறிடும், பிரிண்ட் போட்டு வைங்க. போட்டோ கைக்கு வர்றவரைக்கும் பூச்சு வேலைக்கு ஆளை விடாதீங்க. கொத்தனார் முறைப்பார், முறைக்கட்டும்.

தறி ரூம்ல இப்ப எல்லாம் வெளியிலதான், கேசிங் கேப்பிங். மத்த செவுத்தையெல்லாம் கொத்தாம, போர்டுகளைத் திறந்து, ஸ்பிரிங் விட்டு, டெஸ்டர் வெச்சு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க வழி கண்டுபுடிச்சோம். வரைஞ்சது அப்பா. டிசைன் போடற கிராஃப் தாள்ல, ஒரு கட்டம் ஒரு சாண்னு. சிவப்பு மையில பைப், பச்சையில போர்டு. ஒரு காப்பி மெயின் பெட்டிக் கதவுல ஒட்டியிருக்கு. இன்னொண்ணை அவரே கொண்டுபோய் டிரங்குப் பெட்டியில வீட்டுப் பத்திரத்தோட வெச்சுட்டார்.

டிஸ்கி: அந்தக் கூடை இப்ப ஜன்னல் கம்பியில தொங்குது. அப்பா ஆணி அடிக்கிறதையே விட்டுட்டார்.