வானலையும் ஏகபோகமும்

நிலத்துக்கு வேலி உண்டு; வயலுக்கு வரம்பு உண்டு. கண்ணுக்குப் புலனாகாத வானலைக்கும் வேலியிட்டு விற்கலாம் எனக் கண்ட பெருமை இருபதாம் நூற்றாண்டுக்கே உரியது. 'அலைவரிசை அருமையானது; ஆகவே அது தனியுரிமையாதல் வேண்டும்' என்னும் வாதம் இன்று ஐயத்துக்கு இடமற்ற உண்மைபோல எடுத்தாளப்படுகின்றது. இவ்வாதத்தின் முதற்கூற்றே ஆராய்தற்குரியது. அவ்வருமை இயற்கையின் விளைவா, வேலியின் விளைவா?

நிலக்கரியைப் போல எரித்து முடிக்கத்தக்க பொருளன்று வானலை. ஓர் ஒலிபரப்பு நின்ற மறுகணமே அந்த மீடிறன் பழுதின்றி எஞ்சி நிற்கின்றது. ஒரே இடத்தில், ஒரே வேளையில், ஒரே மீடிறனில் இரண்டு அலைகள் ஒத்த வலுவுடன் ஒரு வாங்கியை வந்தடையும்போதே குழப்பம் பிறக்கின்றது. இடம், காலம், மீடிறன், வலு என்பவற்றுள் ஒன்று போதிய அளவு வேறுபடினும் இருவர் இடையூறின்றிப் பேசலாம். தனியுரிமை அனுமதிப்பத்திரமோ பெரும் நிலப்பரப்பொன்றை, நாளின் 24 மணி நேரமும், பல ஆண்டுகளுக்கு ஒருவர் கையில் ஒப்படைக்கின்றது. அவர் கோபுரம் நாட்டாத ஊரிலும் பிறர் அதனைத் தொடலாகாது. வைக்கோற்போரைக் காத்த நாயின் கதை இங்கு நினைவுக்கு வருதல் இயல்பே.

தனியுரிமைவாதிகள் வரலாற்றைத் துணைக்கழைப்பர். 1926 இல் ஐக்கிய அமெரிக்காவில் வானொலி நிலையங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு இல்லையென நீதிமன்றம் தீர்த்தபோது, நிலையங்கள் தத்தம் விருப்பப்படி மீடிறனையும் வலுவையும் மாற்றின; கேட்போர் செவியில் இரைச்சலே மிஞ்சியது. 1927 இன் வானொலிச் சட்டம் அதற்கு மருந்தாக வந்தது. அதன்பின் அரசு தான் தெரிந்தெடுத்தோருக்கு அலைவரிசையை வழங்கலாயிற்று. 1959 இல் பொருளியலறிஞர் றொனால்ட் கோஸ் இம்முறையைக் கண்டித்து, விலையே பங்கீட்டைத் தீர்மானிக்கட்டும் என வாதிட்டார். கொடை பெற்றோர் பெருஞ்செல்வராயினர் என்ற அளவில் அக்கண்டனம் நியாயமானதே. 1994 இல் அமெரிக்கா ஏலத்தைத் தொடங்கியது. 2000 ஆம் ஆண்டில் பிரித்தானியா ஐந்து அனுமதிப்பத்திரங்களை ஏறத்தாழ 2,250 கோடி பவுணுக்கு விற்றது. திறைசேரி நிறைந்தது. ஆயினும் வேலி எவர் கையில் இருப்பது என்பதையே ஏலம் தீர்மானித்தது. வேலி வேண்டுமா என்ற வினாவை அது எழுப்பவேயில்லை.

அவ்வினாவுக்கு விடை வேறோரிடத்திலிருந்து வந்தது. 2400 மெகாஹேட்ஸை அடுத்துள்ள அலைவரிசை, நுண்ணலை அடுப்புகளின் இரைச்சல் நிறைந்ததெனப் பெருநிறுவனங்களால் ஒதுக்கப்பட்டிருந்தது. 1985 இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு, வலு வரம்புக்கு உட்பட்டுப் பிறரின் இடையூறையும் பொறுத்துக்கொள்ளும் கருவிகள் அனுமதிப்பத்திரமின்றி அதில் இயங்கலாம் என விதித்தது. 1997 இல் வைஃபைக்கு அடிப்படையான நியமம் வெளிவந்தது. அதன் ஒழுக்கம் எளியது: பேசுமுன் செவிமடு, பிறர் பேசினால் பொறுத்திரு. ஏறத்தாழ 83 மெகாஹேட்ஸ் அகலமேயுள்ள இந்தக் 'கழிவு நில'த்தில் இன்று உலகெங்கும் வீடுகளும் நூலகங்களும் மருத்துவமனைகளும் இயங்குகின்றன. எவரும் அதை விலைக்கு வாங்கவில்லை. எவரும் எவரையும் வெளியேற்றவுமில்லை.

இன்னுமொரு முரண்பாடு நோக்கத்தக்கது. கையடக்கத் தொலைபேசியின் உயிர்நாடியே பகிர்வுதான். ஒரு பரப்பைச் சிறு கலங்களாகப் பிரித்து, ஒரே மீடிறனைத் தொலைவிலுள்ள கலங்களில் மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் எண்ணம் 1947 இலேயே பெல் ஆய்வுகூடத்தில் உருவாயிற்று. தன் வேலிக்குள் இலட்சக்கணக்கானோரைப் பகிரச் செய்து பணம் ஈட்டும் நிறுவனம், வேலிக்கு வெளியே பகிர்வு இயலாது என்பது அறிவியலன்று, வணிகம்.

வலிமையுடையோரும் எளியோரும் ஒரே அலைவரிசையில் வாழ முடியுமா என்பதற்கும் சான்றுண்டு. 3550 முதல் 3700 மெகாஹேட்ஸ் வரையிலான அலைவரிசையின் பெரும்பகுதி அமெரிக்கக் கடற்படை ராடர்களுக்குரியது. 2015 இல் அது மூன்று படிகளாகப் பகிரப்பட்டது: முதலிடம் ராடர் முதலிய பழைய பயனர்க்கு, இரண்டாமிடம் முன்னுரிமை பெற்றோர்க்கு, மூன்றாமிடம் பொதுமக்களுக்கு. கரையோர உணரிகள் கப்பலின் ராடரைக் கண்டறிந்ததும் கணினி பிறரை வேறு மீடிறனுக்கு நகர்த்துகின்றது. முன்னுரிமை பெற்றோர் பயன்படுத்தாத இடத்தில் மூன்றாம் படியினர் இயங்கலாம். 2019 இல் வணிகச் சேவை தொடங்கிற்று.

ஆனால் இங்கும் வேலி தலைநீட்டியது. முன்னுரிமை உரிமங்கள் முதலில் சிறிய குடிசன மதிப்பீட்டு வட்டாரங்களுக்கு, மூன்றாண்டுகளுக்கெனவே வகுக்கப்பட்டிருந்தன. ஒரு பாடசாலையோ கிராமச் சிறுநிறுவனமோ வாங்கத்தக்க அளவு அது. பெருநிறுவனத் தரப்பின் கோரிக்கையை அடுத்து, 2018 இல் அவை பரந்த கவுண்டிகளுக்கு, பத்தாண்டுகளுக்கென மாற்றப்பட்டன. 2020 ஏலத்தில் 450 கோடி டொலருக்கு மேல் சேர்ந்தது. பகிர்வைத் தடுத்தது பொறியியலன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எல்லா அலைவரிசையையும் கட்டின்றித் திறந்துவிடுக என்பது இதன் பொருளன்று. விமானத்தின் குரலும் மீட்புப் பணியாளரின் குரலும் காத்திருக்கலாகாது. நெரிசல் மிகுந்த இடங்களில் வைஃபை தளர்வதும் மறுக்கற்பாலதன்று. ஆனால் முன்னுரிமை வேறு, தனியுரிமை வேறு. முன்னுரிமையுடையவன் வரும்போது பிறர் விலகுவர். தனியுரிமையுடையவனோ தான் வராதபோதும் பிறரை விலக்குகின்றான். 1926 இல் இரைச்சலைத் தவிர்க்கும் கருவி இல்லை. ஆகவே வேலி தேவைப்பட்டது. இன்று கருவி உண்டு. வேலியோ அப்படியே நிற்கின்றது.

எனவே, இனி வழங்கப்படும் ஒவ்வோர் அனுமதிப்பத்திரத்திலும் ஒரு நிபந்தனை இடம்பெற வேண்டும்: பயன்படுத்தாத இடத்தில், பயன்படுத்தாத வேளையில், பிறரைத் தடுக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. இலாபம் தராதென்று கோபுரம் மறுக்கப்பட்ட கிராமத்தின் வானிலும் அவ்வலைவரிசை வெறுமையாகவே கிடக்கின்றது. அக்கிராமத்தவர் கேட்பது தானமன்று. தம் தலைக்குமேல் வீணாகும் ஒன்றைப் பயன்படுத்தும் உரிமையையே.