அளப்பவரும் அவரே, பில் போடுபவரும் அவரே

"ஆவூரில் உட்கார்ந்துகொண்டு ஆழ்கடலைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன வந்தது?" என்று என் மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்விதான். இது அவள் ஊர், வானம் பார்த்த பூமி. ஆனால் நான் பிறந்தது காரைக்காலில். பிரெஞ்சு வழியில் படித்ததால் இன்றும் அந்த நாட்டுச் செய்திகளைப் படிக்கிற பழக்கம் விடவில்லை.

2025 ஆகஸ்டில் நம்மவர் இருவர் பிரான்சின் 'நோத்தீல்' நீர்மூழ்கியில் அட்லாண்டிக் கடலுக்குள் இறங்கினார்கள். ஒருவர் 4,025 மீட்டர், மற்றவர் 5,002 மீட்டர். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கும் 'மத்ஸ்யா 6000' மூன்று பேரை 6,000 மீட்டர் வரை கொண்டுபோகுமாம். 2021-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த ஆழ்கடல் திட்டத்தின் மதிப்பு 4,077 கோடி ரூபாய். எனக்கும் பெருமைதான். ஆராய்ச்சிக்குச் செலவு செய்யட்டும். என் ஆட்சேபணை, ஆராய்ச்சியின் முதுகுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் சுரங்க இயந்திரத்தின் மேல்.

மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேடும் உரிமை நமக்கு இருக்கிறது. அங்கே தரையில் உருளைக்கிழங்கு போலக் கறுப்பு உருண்டைகள் கிடக்கின்றன. அவற்றில் நிக்கல், தாமிரம், கோபால்ட், மாங்கனீசு உண்டு. ஓர் உருண்டை சில மில்லிமீட்டர் வளரப் பத்து லட்சம் ஆண்டு ஆகும். அதன்மேல் ஒட்டி வாழும் உயிர்கள் உண்டு. உருண்டையை எடுத்தால் அவற்றுக்கு வீடு போயிற்று.

1989-ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் பெரு நாட்டுக்கு அப்பால் ஆழ்கடல் தரையை உழுது பார்த்தார்கள். 26 ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தால் உழுத சால் அப்படியே இருந்தது. நம் வயலில் உழுத சால் ஒரு மழைக்குத் தாங்குமா?

நான் எழுத்தராக இருந்த ஓர் அலுவலகத்தில் ஒரு சிறுபாலத்துக்கு எம்-புக்கில் அளவு எழுதியது ஒப்பந்தக்காரரின் ஆள். சரிபார்க்க யாரும் போகவில்லை. பில் பாஸ் ஆயிற்று. முதல் மழையில் பாலமும் போயிற்று. கோப்பில் மட்டும் எல்லாம் சரியாக இருந்தது!

இங்கேயும் அதே கதைதான். கடலடி ஒப்பந்தம் புவி அறிவியல் அமைச்சகத்தின் பெயரில். இயந்திரம் செய்வது அதன் கீழுள்ள கழகம். சுற்றுச்சூழல் விவரங்களைத் திரட்ட வேண்டியதும் ஒப்பந்தக்காரரே என்பது விதி. இதற்குள் 2024 நவம்பரில் வேறொரு அமைச்சகம் நம் கடலில் 13 பகுதிகளை ஏலத்துக்கு விட்டது. அதில் 7 கிரேட் நிக்கோபார் பக்கம். அங்கே தேடுவதற்கும் எடுப்பதற்கும் சேர்த்து ஒரே உரிமம். தேடி முடித்தபின் 'எடுக்க வேண்டாம்' என்று எழுத யாருக்கு மனம் வரும்?

"நாம் எடுக்காவிட்டால் சீனா எடுத்துவிடும், பேட்டரிக்கு உலோகம் வேண்டாமா?" என்பார்கள். வேண்டும்தான். ஆனால் பழைய பேட்டரியிலிருந்து உலோகத்தை மீட்பதற்கு இந்த அவசரத்தில் பாதி காட்டினோமா? பக்கத்து வீட்டுக்காரன் கண்மாயை வெட்டினால் நாமும் மண்வெட்டியோடு ஓடுவதா?

நம்மவர்களைக் கீழே கூட்டிப்போன அதே பிரான்சைப் பாருங்கள். கடலடி உருண்டைகளைத் தேடும் உரிமை அவர்களுக்கும் உண்டு. ஆனாலும் 2022 நவம்பரில் அதிபர் மக்ரோன் ஆழ்கடல் சுரங்கத்தையே தடை செய்யச் சொன்னார். ஆராய்ச்சியை அவர்கள் கைவிடவில்லை. அறிவதும் அள்ளுவதும் வேறு வேறு என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

நான் கேட்பது மூன்றுதான். அள்ள நினைப்பவர் வேறு, அளப்பவர் வேறு என்றிருக்கட்டும். திரட்டிய விவரங்களைத் தமிழிலும் வெளியிடட்டும். உரிமம் தரும் முன் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்களையும் நிக்கோபார் மக்களையும் உட்கார வைத்துக் கேட்கட்டும்.

சிறுபாலம் போனால் மறுபடி கட்டலாம். கடலடிக்கு மறு டெண்டர் கிடையாது.